தேரை தேடிய கதை: மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு சின்ன கார்

கொலம்பஸ், ஒஹாயோ

ஒரு கேன் பால் வாங்க வீட்டையே கிளப்பிக்கொண்டு போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன்.

மோட்டார்ஹோம், அதாவது ஓட்டிக்கொண்டு போகும் வீடு, வாங்கிய முதல் கோடை. ஃபோர்டு ஈ-450 வேனின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய கிளாஸ் சி ரகம், 31 அடி, இரண்டாம் கை. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா வரை ஓட்டிப் போய், கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டி, மட்டம் பார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. காலையில் காபி போடப் போனால் பால் திரிந்திருக்கிறது. கடை ஒன்பது மைல். மாட்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒரு அலமாரியைத் தாழிட மறந்ததில் முதல் வளைவிலேயே இட்லிக் குண்டான் உருண்டு வந்து டிரைவர் சீட்டில் மோதியது. திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டியபோது மணி பத்தரை. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பால் போகட்டும். அவ்வளவு தூரம் போனதே கோயிங்-டு-தி-சன் சாலையில் மலை ஏறத்தான். 1933-ல் திறந்த சாலை, சுமார் 50 மைல், உச்சியில் லோகன் கணவாய் 6,646 அடி. பம்பரோடு சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் மலைப் பகுதிக்குள் விட மாட்டார்கள். நம்முடையது இரண்டிலும் தோற்றது. பூங்காவின் ஷட்டில் வண்டிக்கு வரிசையில் நின்றபோது முடிவு செய்தேன், அடுத்த முறை பின்னால் ஒரு சின்ன கார் வரும் என்று.

இப்படி இழுத்துப் போகும் காருக்கு இங்கே 'டோட்' என்று பெயர். இழுக்கப்பட்டது என்பதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. எங்கள் வீட்டில் அது தேரையாகவே நிலைத்துவிட்டது.

வீட்டில் கொரோலா சும்மா நிற்கிறதே, நியூட்ரலில் போட்டு இழுத்தால் ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல வேளை, மேனுவலைப் புரட்டினேன். நாலு சக்கரமும் தரையில் பட இழுக்காதே என்று எழுதியிருந்தது. காரணம் எளியது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்துவிட்டுக் காரை இழுத்தால் சக்கரம் சுற்றும், சக்கரத்தோடு பிணைந்த உள்பாகங்களும் சுற்றும், எண்ணெய் மட்டும் வராது. நியூட்ரல் என்பது என்ஜின் பக்கத்தைத்தான் விலக்கி வைக்கிறது, சக்கரத்தின் பக்கத்தை அல்ல. எண்ணெய் இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றினால் உள்ளே வெந்துவிடும்.

பழைய கார் விற்கும் இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை. ஒரு விற்பனையாளர் 2016 ஹோண்டா சிஆர்-வி ஒன்றைக் காட்டி, "எல்லா ஆர்விக்காரர்களும் சிஆர்-விதான் இழுக்கிறார்கள்" என்றார். பாதி உண்மை. 2014 வரை வந்த சிஆர்-வியில் சாதாரண ஆட்டோமேட்டிக். அதை நாலு சக்கரத்திலும் இழுக்கலாம் என்று ஹோண்டாவே முறை எழுதிக் கொடுத்திருக்கிறது. 2015-லிருந்து சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாத வேறு வகை ஆட்டோமேட்டிக், இழுக்கக் கூடாது. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். முன்பணம் கொடுக்கச் செக் புத்தகத்தையே எடுத்துவிட்டேன். அந்தக் காரின் கையுறைப் பெட்டியில் மேனுவல் இருந்தது, அதைக் கொஞ்சம் பார்க்கட்டுமா என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கார் பார்க்கப் போனால் சீட்டு, பெயின்ட் எதையும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டின், அந்த மாடலின் மேனுவலில் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் இழுப்பது பற்றிய பக்கத்தை முதலில் பார்ப்பேன். நாலு மாதம் கழித்து 2014 சிஆர்-வி ஒன்று கிடைத்தது.

எடைக் கணக்கு ஒன்று உண்டு. என் சேஸிஸில் வண்டியும் பின்னால் வருவதும் சேர்ந்து 22,000 பவுண்டு வரை போகலாம். வண்டி மட்டும் 14,500 வரை. கழித்தால் 7,500 வருகிறது. ஆனால் பின்னால் காரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சில் 5,000 என்று பொறித்திருக்கிறார்கள். எது சின்னதோ அதுதான் செல்லும். சிஆர்-வி சுமார் 3,400, அதனால் பிரச்சினை இல்லை. இதில் பலர் விட்டுவிடுவது பிரேக். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்குக் கணக்குப் போட்டது. பின்னால் வருவதற்குத் தனி பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் போனால் சட்டமே கேட்கிறது. நான் வைத்திருப்பது டிரைவர் காலடியில் உட்காரும் ஒரு பெட்டி. சீட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் பிரேக் பெடலைப் பிடித்திருக்கும். முன்னால் நான் பிரேக் போட்டால் அங்கே அது மிதிக்கும். ஆளில்லாத காரில் யாரோ உட்கார்ந்து ஓட்டுவது போல இருக்கும் என்று பேத்தி அந்தப் பக்கமே போக மாட்டாள்.

டோ பார் என்ற இழுவைக் கம்பி, காரின் முன்பக்கத்தில் போல்ட் போட்ட பேஸ் பிளேட், விளக்கு வயரிங், பாதுகாப்புச் சங்கிலி, இந்த பிரேக், கூலி என்று எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 டாலரைத் தொட்டது. கார் விலை தனி.

இனி அவமானக் கதை. இரண்டாவது பயணத்தில் தெற்கு டகோட்டாவில் ஒரு பெட்ரோல் பங்க். உள்ளே நுழைந்த பிறகுதான் வெளியேறும் வழியில் டேங்கர் லாரி நிற்பது தெரிந்தது. பத்தடி பின்னால் வந்தால் திரும்பிவிடலாம். வந்தேன். ஆறடிக்குள் சிஆர்-வியின் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கமாகத் திரும்பி முழு மடக்கில் நின்றுவிட்டன. நாலு சக்கரமும் தரையில் இருக்கும் காரை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க முடியாது, அவ்வளவுதான். விடாமல் தள்ளினால் டோ பார் வளைந்துவிடும். கழற்றலாம் என்றால் பார் முறுக்கிக்கொண்டு நிற்பதால் அதைப் பூட்டியிருக்கும் 'பின்' என்ற இரும்பு ஆணி வரவில்லை. நான் ரப்பர் சுத்தியலால் தட்ட, என் மனைவி காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு சாண் இடதுக்கும் ஒரு சாண் வலதுக்கும் ஆட்ட, எந்த நொடியில் இழுவை தளர்ந்ததோ அந்த நொடியில் பின் டக்கென்று கையோடு வந்தது. பின்னால் நாலு கார் காத்திருந்தன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

சான் அன்டோனியோ, டெக்சஸ்

அண்ணா, இட்லிக் குண்டான் எங்கள் வண்டியிலும் உருண்டிருக்கிறது. எங்களிடம் ஜீப் ராங்ளர், நாலு கதவு, ஆட்டோமேட்டிக். உங்கள் சிஆர்-விக்கு ஹோண்டா சொல்வது போல, இழுக்கும் முன் என்ஜினை ஓடவிட்டுச் சடங்கெல்லாம் செய்ய வேண்டாம். கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியின் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் உறவே அறுந்துவிடும். அப்புறம் கியரை பார்க்கில் போட்டு இழுக்கலாம். ஸ்டீயரிங் பூட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்னைக் கவிழ்த்தது. ஒரு முகாமில் சாயங்காலம் ஜீப்பைக் கழற்றினேன். கியர் பார்க்கில்தான் இருக்கிறதே என்று ஹேண்ட்பிரேக் போடவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் எதையும் பிடித்து நிறுத்தாது என்பது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. லேசான சரிவு. கடைசி பின்னை உருவியதும் ஜீப் சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் பக்கத்து இடத்தின் மர மேசையில் முட்டி நின்றது. மேசையில் அவர்கள் தர்பூசணி வெட்டி வைத்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. மேசைக்குக் காசு கொடுத்தேன்.

இப்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் முதல் பின்னில் கை வைப்பதே இல்லை. இன்னொன்று, இது கனமான கார், 4,000 பவுண்டுக்கு மேல். சின்ன கார் தேடுகிறவர்கள் ஜீப் மோகத்தில் விழுவதற்கு முன் ஹிட்ச்சில் என்ன பொறித்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

ராலே, வட கரோலினா

நாங்கள் டாலி. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி வைக்கும் சின்ன டிரெய்லர். முன்சக்கர இழுவை கார் எதுவானாலும் பெரும்பாலும் ஆகும், காரில் துளை போட வேண்டாம், அதனால் வீட்டில் இருந்த கேம்ரியையே ஏற்றினோம். காசு மிச்சம். ஆனால் மழையில் முட்டி போட்டு டயர் பட்டையை இறுக்குவது, கொஞ்ச தூரம் போய் இறங்கி மறுபடி இறுக்குவது, முகாமில் காரை இறக்கிய பிறகு டாலியை எங்கே வைப்பது என்று அலைவது. மூன்றாவது பயணத்தில் என் மனைவி கேட்டாள், "இதை இழுக்க இன்னொரு வண்டி வாங்கலாமா?" அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

லெஸ்டர், இங்கிலாந்து

இஞ்ச நிலைமை வேற. எங்களிட்ட இருக்கிறது சிட்ரோயன் சி1, கையால் கியர் போடுறது, 800 கிலோ அளவு. பெஜோ 107, டொயோட்டா அய்கோ இரண்டும் அதே செக் தொழிற்சாலையில் செய்த அதின்ர சகோதரங்கள்தான். ஏ வடிவச் சட்டம் ஒன்றைக் காருக்கு முன்னால் பூட்டி இழுக்கிறது. இழுக்கிற நேரம் கார் டிரெய்லராகக் கணக்கு. 750 கிலோவுக்கு மேல் என்றால் பிரேக் வேலை செய்ய வேணும். பின்னுக்கு மோட்டார்ஹோமின்ர நம்பர் பிளேட் போட வேணும், சிவப்பு முக்கோணங்களும் வேணும். மோட்டார்வேயில் 60 மைல்தான், மூன்று தடம் இருந்தால் வலது கரைத் தடத்துக்குப் போகக் கூடாது.

இதெல்லாம் ஒழுங்காய்ச் செய்து, பெரிய நிம்மதியோட ஸ்பெயினுக்கு வெளிக்கிட்டம். அங்க ஒரு காரை இன்னொரு வாகனம் இழுக்கிறது பழுதான வண்டியை மீட்கிற ஆக்களுக்கு மட்டும்தான். ரோட்டில் மறிச்சு, தண்டம் எழுதி, கழற்றச் சொன்னாங்கள். பிறகு நான் மோட்டார்ஹோமில் முன்னுக்கு, மனிசி சி1-ல் பின்னுக்கு, ஆளுக்கொரு போத்தல் தண்ணியோட 400 கிலோமீட்டர். "இதுக்கோ இவ்வளவு காசு குடுத்தனீங்கள்" என்று போனில் கேட்டுக்கொண்டே வந்தா. இப்ப கடல் கடந்தால் காரை முழுசாய் டிரெய்லரில் ஏற்றுறது. உள்ளூருக்கு மட்டும் அந்த ஏ வடிவச் சட்டம்.

சான் ஹோசே, கலிபோர்னியா

ஒரு சந்தேகம். வீட்டில் டெஸ்லா இருக்கிறது. மின்சாரக் காரில் கியர்பாக்ஸ் தொல்லையே இல்லையே, இழுக்கலாம்தானே?

கொலம்பஸ், ஒஹாயோ

தம்பி, கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், அது மின்சாரம் பண்ண ஆரம்பித்துவிடும், சூடேறும். சக்கரம் தரையில் படாமல் தட்டை லாரியில் ஏற்று என்பதுதான் அதன் மேனுவலில் இருக்கிறது. டாலியும் வேண்டாம். வாங்குவதாக இருந்தால் ஃபோர்டு மேவரிக் பிக்கப்பின் முன்சக்கர இழுவை ஹைபிரிட்டைப் பார். அதற்கு மேனுவலில் அனுமதி உண்டு. டர்போ மாடலோடு குழப்பிக்கொள்ளாதே. நீ இருக்கும் மாநிலத்தில் எதை இழுத்தாலும் 55 மைல்தான் வேகம் என்பதையும் மனதில் வை.

சான் அன்டோனியோத் தம்பி கேலி செய்த அந்தச் சடங்கை எழுதிவிடுகிறேன், பழைய சிஆர்-வி வாங்குகிறவர்களுக்கு உதவும். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை எல்லா இடத்துக்கும் நகர்த்த வேண்டும். கடைசியில் டி-யில் (டிரைவ்) ஐந்து நொடி நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும். ரிவர்ஸிலிருந்து நேரே நியூட்ரலுக்கு வந்து இழுத்தால் கியர்பாக்ஸ் போச்சு. நியூட்ரலில் மூன்று நிமிடம் என்ஜின் ஓடட்டும். அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முதல் நிலையில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுக்க வேண்டும். 65 மைலைத் தாண்டக் கூடாது. ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் மறுபடி முதலிலிருந்து.

சாவி அந்த நிலையில் இருப்பதால் ரேடியோ மாதிரி சில்லறைகள் பேட்டரியைக் குடித்துக்கொண்டே வரும். அதற்காக ஒரு சின்ன ஃபியூஸைப் பிடுங்கி வைக்க வேண்டும். முதல் பயணத்தில் பிடுங்கவில்லை. வயோமிங்கில் இறங்கிச் சாவியைத் திருகினால் கடக் என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டாவது பயணத்தில் நினைவாகப் பிடுங்கினேன், எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன்.

இப்போது என் மனைவி இந்த வரிசையைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, சிஆர்-வியின் ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் அவள் உரக்கப் படிப்பாள், நான் செய்வேன். கடைசி வரிக்கு வந்ததும் அட்டையைப் பார்க்காமலே கேட்பாள்.

"என்னங்க, ஃபியூஸ்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவேன். வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.