1968 முதல் 1982 வரை: கவனிக்கப்படாமல் போன சோதனை இசை ஆல்பங்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்

நள்ளிரவுச் செவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1960களின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வெளிவந்த சோதனை இசையை நான் விரும்பிக் கேட்டு வருகிறேன். வெல்வெட் அண்டர்கிரவுண்ட், கேன், கிராஃப்ட்வெர்க், பிரையன் ஈனோ ஆகியோரின் முக்கியமான ஆல்பங்கள் நன்கு பழகிவிட்டன. அடுத்து எங்கே செல்வது என்று தேடினால், எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பெயர்களுக்குக் கீழே பெரிய நிலத்தடி உலகம் ஒன்று இருந்திருக்கிறது என்பது தெரிகிறது. அதற்குள் நுழையும் வாசல்தான் தெரியவில்லை.

கிடைப்பதற்கு அரியது என்பதற்காக மட்டும் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முந்நூறு பிரதிகளே அச்சானது என்ற செய்தி அந்த இசையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எந்த ஆல்பத்தைச் சொன்னாலும், அதில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும், அது ஏன் உங்களை விட்டுப் போகாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும். தாளமே இல்லாத நீண்ட இரைச்சல் படைப்புகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாதியில் கவனம் சிதறிவிடுகிறது. அவற்றைக் கேட்கும் முறை பற்றியும் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

சுழல்தட்டு (மறுமொழி)

எப்படி உருவானது என்பது காதிலேயே கேட்கும் ஆல்பங்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. அந்தக் காலத்தில் கருவிகள் குறைவு, பணம் அதைவிடக் குறைவு. ஆகவே ஒலியை உண்டாக்கும் வழியையே இசைக்கலைஞர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தைக் காதால் பின்தொடர முடிந்துவிட்டால், இசை எவ்வளவு விநோதமாக இருந்தாலும் கவனம் சிதறாது.

முதலில் 1968இல் நியூயார்க்கிலிருந்து வந்த சில்வர் ஆப்பிள்ஸ் குழுவின் முதல் ஆல்பம். இருவர் மட்டுமே கொண்ட குழு அது. சிமியன் என்பவர் ஒன்பது ஆசிலேட்டர்களை (மின்சாரத்தால் ஒரே சீரான ஒலியை எழுப்பும் கருவிகள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 86 கட்டுப்பாடுகளைக் கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றால் இயக்கி, அடித்தொனியைக் கால்களால் வாசித்தார். டேனி டெய்லரின் டிரம்ஸ் அதன் மேல் சுழன்றுகொண்டே இருக்கும். வழக்கமான விசைப்பலகை இல்லாததால் சுருதிகள் மிகக் குறைவு. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடல் முழுவதும் துடிக்கிறது. அந்தக் குறையே அவர்களின் பாணியாகிவிட்டது.

அடுத்து, 1969இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஒயிட் நாய்ஸ் குழுவின் ‘ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்’. பிபிசியின் ஒலிப் பட்டறையில் பணியாற்றிய டீலியா டெர்பிஷயர், பிரையன் ஹாட்ஜ்சன் ஆகியோரும் டேவிட் வோர்ஹவுஸும் சேர்ந்து உருவாக்கியது. காந்த நாடாவைப் பிளேடால் வெட்டி, ஒட்டி, வேகம் மாற்றிச் செய்த இசை இது. பாப் பாடலின் இனிமையும் கெட்ட கனவின் அச்சமும் ஒரே தட்டில் இருக்கின்றன. முதல் பக்கத்தைக் கேட்டு ‘இது விளையாட்டுத்தனமான ஆல்பம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாம் பக்கம் முற்றிலும் வேறு இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், திஸ் ஹீட் குழுவின் முதல் ஆல்பத்தையே சொல்வேன். 1976 முதல் 1978 வரை பகுதி பகுதியாகப் பதிவு செய்யப்பட்டு 1979இல் வெளியானது. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், கைவிடப்பட்ட இறைச்சித் தொழிற்கூடம் ஒன்றின் குளிரூட்டும் அறையை அவர்கள் ஒலிக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். சார்ல்ஸ் ஹேவர்டும் சார்ல்ஸ் புல்லனும் தேர்ந்த வாத்தியக்காரர்கள்; மூன்றாமவரான கேரத் வில்லியம்ஸ் முறையாக எந்த வாத்தியமும் பயிலாதவர். பயின்ற இருவரும் எதிர்பார்க்காத இடத்தில் அவர் வந்து மோதுவதுதான் இந்தக் குழுவின் உயிர் என்பது என் கருத்து.

இதில் ‘24 டிராக் லூப்’ என்ற பகுதியை மட்டும் தனியாக எடுத்து, நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். சில நொடிகளே நீளும் ஒரு டிரம்ஸ் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுநாடாவாக்கி (லூப்), அதை ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் மேசையின் தடங்களில் பரப்பி, ஒவ்வொரு தடத்தையும் ஏற்றியும் இறக்கியும் சுருதியைத் திரித்தும் ஒரு முழுப் படைப்பைச் செய்திருக்கிறார்கள். புதிதாக ஒரு சுருதிகூட வாசிக்கப்படுவதில்லை. ஆனாலும் ஆறு நிமிடங்களில் அடித்தொனி ஒன்று பிறக்கிறது, உலோகப் பறவைகள் போன்ற ஒலிகள் எழுந்து மறைகின்றன, பிறகு தாளம் தன் எலும்புக்கூடு தெரிய நிற்கிறது. பத்தாண்டுகள் கழித்து நடன இசைத் தயாரிப்பாளர்கள் கணினியில் செய்ததை இவர்கள் விரல்களால் செய்திருக்கிறார்கள். இது பிடித்திருந்தால் 1981இல் வந்த ‘டிசீட்’ ஆல்பத்துக்குச் செல்லுங்கள். அதில் பாடல்கள் உண்டு, அணு ஆயுதப் போர் குறித்த அச்சம் ஒவ்வொரு வரியிலும் உண்டு.

மென்குரல் (மறுமொழி)

சுழல்தட்டு அவர்கள் சொன்ன மூன்றும் எனக்கும் நெருக்கமானவையே. ஆனாலும், சோதனை என்றவுடன் கருவிகளையும் நாடாவையும் பற்றி மட்டுமே பேசும் வழக்கத்தால்தான் மென்மையான பல ஆல்பங்கள் இந்த உரையாடல்களில் விடுபட்டுப்போகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். உரத்த ஒலிதான் துணிச்சலுக்கு அடையாளம் என்று நாம் நம்பிவிட்டோம். குரலை வைத்துச் செய்த சோதனைகள் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

பிரெஞ்சுப் பாடகி பிரிஜித் ஃபோந்தேனின் ‘கோம் ஆ லா ரேடியோ’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஜாஸ் குழு பாரிசுக்கு வந்து தங்கியிருந்தது. அவர்களும், வட ஆப்பிரிக்கத் தாள மரபை அறிந்த அரெஸ்கியும் ஃபோந்தேனுடன் சேர்ந்து சரவா என்ற சிறு லேபிளுக்காக (இசைத்தட்டு நிறுவனம்) இதைப் பதிவு செய்தார்கள். தலைப்புப் பாடலில் டபுள் பேஸ் ஒரே வரியை அமைதியாகத் திரும்பத் திரும்ப வாசிக்க, ஊதுவாத்தியங்கள் ஓரங்களில் அலைய, அவர் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் சொல்லிக்கொண்டே போகிறார். குரல் எந்த இடத்திலும் உயர்வதில்லை. சுற்றிலும் அத்தனை கொந்தளிப்பு இருக்கும்போது உயராமல் இருப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதைக் கேட்கும்போதுதான் உணர முடியும்.

ஜப்பானியப் பாடகி ஃப்யூ 1981இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் இன்னொன்று. கேன் குழுவை நீங்கள் அறிந்திருப்பதால் இது உங்களுக்கு எளிதில் திறக்கும்: அந்தக் குழுவின் ஹோல்கர் சூக்காயும் யாக்கி லீபெட்சைட்டும் இதில் வாசித்தார்கள், கொலோன் நகருக்கு அருகே இருந்த, இசைத் தயாரிப்பாளர் கோனி பிளாங்கின் ஸ்டுடியோவில் பதிவானது. சூக்காய், லீபெட்சைட், பிளாங்க் ஆகிய மூவரின் பெயர்களும் எல்லா வரலாறுகளிலும் வருகின்றன. அவர்கள் சேர்ந்து பணியாற்றிய இந்த ஆல்பம் மட்டும் எப்படியோ அடிக்குறிப்பாகிவிட்டது. ஃப்யூவின் தட்டையான, உணர்ச்சியை வெளிக்காட்ட மறுக்கும் குரல்தான் இதன் மையம்.

கார்டிஃப் நகரின் யங் மார்பிள் ஜயண்ட்ஸ் 1980இல் வெளியிட்ட ‘கொலாசல் யூத்’ ஆல்பத்தையும் விட்டுவிட வேண்டாம். அடக்கி வாசிக்கப்படும் கிட்டார், பேஸ், சிறிய ஆர்கன், டிரம் இயந்திரம், அலிசன் ஸ்டேட்டனின் அலங்காரமற்ற குரல், அவ்வளவுதான். பங்க் இசையின் பேரிரைச்சலுக்கு நடுவே அவர்கள் ஒலிகளுக்கு இடையில் இத்தனை வெற்றிடம் விட்டார்கள் என்பதே அந்த நேரத்தில் பெரிய கலகம். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ரெயின்கோட்ஸ் குழுவின் ‘ஆடிஷேப்’ இதன் உறவுக்காரர். டிரம்ஸ் வாசிப்பவர் விலகிவிட்டதால், தாளத்தின் தாங்குதல் இல்லாமலே பாடல்களை எழுதினார்கள். பிறகு ராபர்ட் வயட், திஸ் ஹீட்டின் சார்ல்ஸ் ஹேவர்ட் போன்றோர் வந்து டிரம்ஸ் சேர்த்தார்கள். ஆகவே இதில் பாடல் நடக்கும் வழியில் தாளம் பின்தொடர்கிறது. அந்தத் தலைகீழ் உறவைக் கவனித்துக் கேளுங்கள்.

நள்ளிரவுச் செவி

இருவருக்கும் நன்றி. திஸ் ஹீட்டின் லூப் பகுதியையும் ஃபோந்தேனின் தலைப்புப் பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இரண்டிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. முதலாவதில் அந்த வரியே உருமாறுகிறது, இரண்டாவதில் அது அசையாமல் நின்று மற்றவற்றை உருமாற்றுகிறது. இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தால் எனக்குக் கேட்பது எளிதாகிறது. கயிறே இல்லாத இசையை எப்படி அணுகுவது? அதோடு, ஐரோப்பா, அமெரிக்காவுக்கு வெளியே இதே காலத்தில் நடந்தவை பற்றியும் அறிய விரும்புகிறேன்.

ஒலிநாடா (மறுமொழி)

கயிறில்லாத இசைக்கு இரண்டு ஆல்பங்களைச் சொல்கிறேன். குளுஸ்டர் என்ற ஜெர்மானியக் குழுவின் ‘க்ளாஃப்சைஷன்’ 1970இல் வந்தது. ஷ்னிட்ஸ்லர், ரோடெலியஸ், மோபியஸ் ஆகிய மூவரும் செலோ, புல்லாங்குழல், கிட்டார், ஆர்கன் ஆகியவற்றை எதிரொலிக் கருவிகளுக்குள் செலுத்தி, எது எந்த வாத்தியம் என்று அடையாளம் தெரியாதபடி செய்தார்கள். இதை வெளியிட்டது ஷ்வான் என்ற, தேவாலய இசைக்கான லேபிள்! அதனால் ஒரு பக்கத்தில் சமய உரை ஒன்று வாசிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. இரண்டாம் பக்கத்தில் உரை இல்லை. நீங்கள் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்து என்ன வரும் என்று காத்திருக்காமல், ஒரே ஒரு ஒலியைத் தேர்ந்து அது முழுவதும் அடங்கும் வரை அதனுடன் செல்லுங்கள். பிறகு வேறொன்றைப் பிடியுங்கள். கவனம் சிதறுவது, நாம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல்வதால்தான்.

டோக்கியோவின் தாஜ்மஹால் டிராவலர்ஸ் குழு அதே முறைக்கு இன்னும் இடம் தரும். டாகேஹிசா கொசுகியின் வயலின், தாமத எதிரொலியில் நீண்டு நீண்டு, தம்பூராவைப் போல ஒரு நிலைத்த மூட்டமாகிவிடுகிறது. ஐரோப்பாவிலிருந்து வண்டியிலேயே புறப்பட்டு, பெயருக்குக் காரணமான தாஜ்மஹால் வரை உண்மையாகவே பயணம் செய்த குழு அது. ‘ஆகஸ்ட் 1974’ என்ற இரட்டைத் தட்டில் பக்கத்துக்கு ஒரு படைப்பாக நான்கு இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் போதும்.

பிரேசிலுக்குச் சென்றால் டாம் ஸே 1976இல் வெளியிட்ட ‘எஸ்டுடாண்டோ ஓ சம்பா’. சம்பா இசையின் உறுப்புகளைக் கழற்றி, ஒன்றோடொன்று பொருந்தும் சிறுசிறு கிட்டார் வரிகளாக மீண்டும் கோத்திருக்கிறார். அன்று கேட்பாரில்லை. 1980களின் பிற்பகுதியில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகர் டேவிட் பர்ன் ரியோவின் கடை ஒன்றில் இந்தத் தட்டைக் கண்டெடுத்து, 1990இல் டாம் ஸேயின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். சொந்த ஊருக்கே திரும்பிவிட எண்ணியிருந்த ஒரு மேதைக்கு அதன் பிறகுதான் உலகம் செவி கொடுத்தது. நம் நாட்டில் சரண்ஜித் சிங் 1982இல் பதிவு செய்த, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த ஆல்பத்துக்கும் இதே கதைதான். ரோலண்ட் நிறுவனத்தின் 808 டிரம் இயந்திரத்தையும் 303 பேஸ் இயந்திரத்தையும் ஓடவிட்டு, அதே நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரில் ராகத்தின் வளைவுகளை வாசித்தார். 303இன் அதே வழுக்கும் ஒலியைக் கொண்டு சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் தட்டுகள் வந்தது 1987இல்தான். 2010இல் மறுவெளியீடு காணும் வரை அது பெரும்பாலோருக்குத் தெரியாது. இவர்கள் புறக்கணிக்கப்பட்டதற்கு இசை காரணமில்லை. தட்டைக் கொண்டுசேர்க்கவும் அதைப் பற்றி எழுதவும் ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

மேலும் தேட விரும்பினால், நர்ஸ் வித் வூண்ட் குழு 1979இல் தன் முதல் ஆல்பத்துடன் இணைத்த பெயர்ப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. ஏறத்தாழ முந்நூறு பெயர்கள், எந்த விளக்கமும் இல்லாமல். சேகரிப்பாளர்கள் அதை வேதம்போல் கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, தரம் மிகவும் ஏறியிறங்குகிறது. ஆனால் பிரெஞ்சுப் பாடகி கத்தரீன் ரிபேரோ, அல்ப்ஸ் குழுவுடன் 1972இல் செய்த ‘பே’ போன்ற ஒரு மகத்தான ஆல்பத்துக்கு அது வழிகாட்டினால் தேடிய நேரம் வீணில்லை.

சுழல்தட்டு

மென்குரல் அவர்களின் ‘ஆடிஷேப்’ பரிந்துரையை நானும் வழிமொழிகிறேன். நள்ளிரவுச் செவி அவர்களுக்கு, திஸ் ஹீட் ஆல்பத்தை முழுதாகக் கேட்பதற்கு முன் ஒரு குறிப்பு. அது ‘டெஸ்ட்கார்ட்’ என்ற, காதுக்கு எட்டியும் எட்டாத ஒரு முணுமுணுப்பில் தொடங்குகிறது. உடனே ‘ஹாரிஸான்டல் ஹோல்ட்’ முழு ஒலியில் வந்து அறைகிறது. பாடல்களின் ஒலி அளவைத் தனித்தனியாகச் சமப்படுத்தும் வசதியும், ஒரு பாடலை மற்றொன்றுக்குள் கரைக்கும் வசதியும் உங்கள் செயலியில் இயங்கிக்கொண்டிருந்தால் அந்த வேறுபாடு மழுங்கிவிடும். இரண்டையும் அணைத்துவிடுங்கள், தொடக்கத்தில் ஒலி கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டவும் வேண்டாம்.