அப்பாவின் வாய்ப்புண் 3 வாரமாக ஆறவில்லை

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண், இன்றோடு 3 வாரம். எனக்கு வருகிற மாதிரி வெள்ளையாகக் குழிந்து, சாம்பார் பட்டாலே எரிகிற புண் என்றால் 10 நாளில் ஆறிவிடும். இது எரியவே இல்லை, ஓரம் தடித்திருக்கிறது. பக்கத்தில் உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறது. 30 வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். அதுதான் பயம். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் கொடுத்தாயிற்று.

2 வாரம் தாண்டினால் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று தெரியும். அப்பாவோ "வலியே இல்லையே, எதுக்கு?" என்கிறார்.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? சதை எடுத்துச் சோதித்தால் முடிவு எப்போது வரும்? அப்புறம், வர மறுக்கிற பெரியவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?