மறு: ‘ஸ்டேக்ஹோல்டர்’ – பங்குதாரர் வேண்டாம் என்றால் வேறு என்ன?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரு முடிவால் ஏதாவது வரவோ போகவோ உள்ள எல்லோரையும் குறிப்பது. அதற்குத் தமிழில் ‘பங்குதாரர்’ வேண்டாம் என்றால் வேறு என்ன என்று நடக்கும் இந்த விவாத இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையேட்டு வேலை முடியாமல் எழுத உட்கார முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லில்தான் வேலையே நிற்கிறது.

> பங்குதாரர் என்பது நாளிதழ்களில் நிலைத்துவிட்ட சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

நாளிதழில் நிலைத்திருக்கலாம். கடலூர் துறைமுகத்தில் நிலைக்கவில்லை. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் ஏற்ற சிறுதொழில் மீன்பிடி நெறிமுறைகளைப் பற்றிய பயிற்சிக் கையேடு இது. அதில் ‘அனைத்துப் பங்குதாரர்களையும் கலந்தாலோசித்து’ என்று எழுதியிருந்தேன். மீன் இறங்குதளத்துக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு படகோட்டி உடனே கேட்டார்: “அப்போ படகு முதலாளிய மட்டும் கேட்டா போதுமா?”

அவர் கேட்டது நியாயம். அங்கே பங்கு என்றால் கணக்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதிப் பணத்தைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது. ஊருக்கு ஊர் விகிதம் மாறும், ஆனால் பங்கு என்றால் என்னவென்று யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மா இன்னும் நேராகச் சொன்னார்: “பங்கெல்லாம் கடலுக்குப் போறவங்களுக்கு. எங்களுக்கு ஏது பங்கு? எங்க பாடு எங்களுக்கு.”

நான் கொண்டுவரும் சொல் அந்த அம்மா கொடுத்தது: பாடுடையோர்.

பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். மீன்பாடு என்றால் வலையில் விழுந்தது. ‘இன்னிக்குப் பாடு எப்படி?’ என்று கரையில் கேட்பதும் ‘அவரவர் பாடு அவரவருக்கு’ என்பதும் ஒரே சொல்தான். கிடைப்பதும் இழப்பதும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு முடிவால் யாருக்கெல்லாம் ஏதாவது வரும், ஏதாவது போகும் என்பதுதானே இந்த ஆங்கிலச் சொல்லும் சொல்ல வருவது?

> ‘தாக்குறுநர்’ என்று வைக்கலாம். பெறுநர், அனுப்புநர் போல அமைப்பும் சரி.

அமைப்பு சரி, பொருள் சாய்கிறது. தாக்குறுநர் என்றால் அடிபடுகிறவர் மட்டும். ஐ.நா. ஆவணங்களில் இதே சொல்லுக்குள் கப்பல் நிறுவனமும் வரும், தொண்டு நிறுவனமும் வரும், அரசுத் துறையும் வரும். மூலத்தைத் திருத்துவது நம் வேலை இல்லை. பாடுடையோர் என்றால் நிறுவனத்துக்கும் ஒரு பாடு இருக்கிறது. தொண்டு நிறுவனத்துக்கும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த அமைப்புகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மீனவர் அமைப்புகள் பல, தாங்கள் வெறும் ஸ்டேக்ஹோல்டர்கள் இல்லை, உரிமை உள்ளவர்கள் என்று உலக மேடைகளில் வாதாடுகின்றன. அந்த வாதம் தமிழில் நிற்க இரண்டு சொல் வேண்டும். உரிமையாளர் என்று போட்டால் மறுபடி படகு முதலாளி வந்துவிடுவார். ‘நாங்கள் பாடுடையோர் மட்டும் அல்ல, உரிமையுடையோர்’ என்றால் சண்டை எதைப் பற்றி என்பது தெரிகிறது.

> ‘கன்சல்டேட்டிவ் ஸ்டேட்டஸ்’ – ஆலோசகர் அந்தஸ்து?

ஐ.நா. அரசுசாரா அமைப்புகளுக்குத் தரும் தகுதியின் பெயர் இது. இதற்குள் அதிகம் போகவில்லை. ஆலோசகர் என்றால் சம்பளம் வாங்குகிறவர் போலிருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 71ஆவது பிரிவு, அரசுசாரா அமைப்புகளைக் கலந்தாலோசிக்க ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது, அவ்வளவுதான். அதன்படி 1996இல் வகுத்த விதியில் பொது, சிறப்பு, பட்டியல் என மூன்று படிகள். ஐ.நா.வின் சமூகப் பொருளாதார அவைக்கு எழுத்தில் கருத்துத் தர, பொதுப் படியில் இருப்பவருக்கு 2,000 சொல், சிறப்புப் படிக்கு 500 சொல். வாக்கு யாருக்கும் இல்லை. ‘கலந்தாய்வுத் தகுதி’ போதும். ‘அந்தஸ்து’ அந்த 500 சொல்லுக்குக் கொஞ்சம் பெரிய சட்டை.

(எங்கள் ஊர்க் கூட்டத்திலும் படிகள் உண்டு. தலைக்கட்டு வரி கட்டுகிறவர் பேசலாம். கூடைக்கார அம்மாவுக்கு வழக்கமாக அங்கே 500 சொல்லும் கிடையாது. ஐ.நா.வை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.)

வாக்கு இல்லாதவர்களால் என்ன ஆகும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 1997இன் கண்ணிவெடித் தடை உடன்படிக்கைக்குப் பின்னால் பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய இயக்கம் இருந்தது. அந்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசில் அதற்கும் பங்கு. நான் மொழிபெயர்க்கும் நெறிமுறைகளும் அப்படித்தான்: பேச்சுவார்த்தையில் மீனவர் அமைப்புகள் உட்கார்ந்து வரிவரியாக வாதாடின. சென்னையில் அலுவலகம் உள்ள மீன்தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டுக் குழுமத்தின் செயலர் சந்திரிகா சர்மா அதில் முன்நின்றவர். 2014 மார்ச்சில் உணவு வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்காக மங்கோலியா புறப்பட்டவர், காணாமல்போன எம்.எச். 370 விமானத்தில் இருந்தார். நெறிமுறைகள் ஜூனில் ஏற்கப்பட்டபோது அவர் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். இவ்வளவு பாடுபட்டும் அவை தன்னார்வ நெறிமுறைகள்தாம். எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. அதனால்தான் கையேட்டில் ‘விதி’ என்று எழுதாதீர்கள் என்று இன்னொரு நண்பரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு இழை.

என் சொல்லில் இருக்கும் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். பல தரப்பையும் சேர்த்துச் சொல்லும் ‘மல்ட்டி-ஸ்டேக்ஹோல்டர்’ வந்தால் திண்டாட்டம். ‘பல்பாட்டு ஆளுகை’ என்றால் இசைக் கச்சேரி. பாட்டாளர் என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் மாவட்டத்தில் அதைச் சொன்னால் எந்தக் கட்சிக் கூட்டம் என்று கேட்பார்கள். ‘பல்’லை விட்டுவிட்டுப் ‘பாடுடையோர் அவை’ என்று வைக்கலாம், ‘ஓர்’ விகுதியிலேயே பலர் வந்துவிடுகிறார்கள். ஒருமைக்குப் பாடுடையவர். அப்புறம் ‘பாட்டுடையோர்’ என்று யாரும் தட்டச்சு செய்துவிடாதீர்கள், பாட்டுடைத் தலைவன் ஆகிவிடுவார்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். வியாழன் இரவுக்குள் வரும் மறுப்புகளைப் பார்க்கிறேன். புதுச்சேரிப் பக்கக் கரையில் ‘பாடு’ இதே பொருளில் வழங்குகிறதா என்று வீராம்பட்டினம் நண்பர்கள் யாராவது கேட்டுச் சொன்னால் உதவி.

கடலூர் முதுநகரிலிருந்து