குடியிருப்பு ஏரியின் மண்கரையில் கசிவு: எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

கேள்வி (ஓடையோரத்தான்):

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் நடுவே 14 ஏக்கரில் ஓர் ஏரி இருக்கிறது. மீன் பிடிக்கவும் படகு விடவும் என்று அறுபதுகளில் ஓர் ஓடையை மறித்து 20 அடி உயரத்துக்கு மண்கரை போட்டிருக்கிறார்கள். ஏரியும் கரையும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சொத்து. இவ்வாண்டு என்னைச் செயற்குழுவில் சேர்த்ததால், கரையை முதன்முறையாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தேன்.

வெளிச்சரிவில் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் பைன் மரங்கள் நிற்கின்றன. அடிவாரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு, மழையே இல்லாத நாளிலும், நிலம் சொதசொதவென்று இருக்கிறது. உபரிநீரைக் கரைக்கு அடியில் கொண்டு செல்லும் நெளிதகட்டு இரும்புக் குழாயின் வாய் துருப்பிடித்து உதிர்கிறது. அந்தக் குழாய் போகும் வழிக்கு நேர் மேலே, சரிவில், ஒரு வாளியை இறக்கும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. ஏரி நிரம்பினால் நீர் வழிந்தோடும் கலிங்கின் குறுக்கே, மீன்கள் தப்பிவிடாமல் இருக்க, கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். கீழே ஓடையோரம் ஆறு வீடுகள் இருக்கின்றன.

சங்கத்தின் மூத்தவர் ஒருவர், உயரம் 25 அடிக்குக் குறைவு என்பதால் மாநிலச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்றும், கசியும் இடத்தில் களிமண் கொட்டி மூடிவிட்டு மரங்களை வெட்டினால் போதும் என்றும் சொல்கிறார். இது சரிதானா?

மறுமொழி 1 (மராமத்துக்காரர்):

செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிக்கரைகளில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மண்ணை நான் பார்த்ததில்லை; ஆனால் நீர் எங்கும் ஒரே மாதிரிதான் வழி தேடும்.

கசியாத மண்கரை கிடையாது. கேட்க வேண்டியது, கசிகிற நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதே. தெளிந்த நீர் நாள்தோறும் ஒரே அளவில் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால், கரையின் உள்ளிருந்து மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்று பொருள்; வெளிவாயிலிருந்து ஏரியை நோக்கிச் சிறுகச் சிறுகக் குடைந்து செல்லும் அந்த வழி ஏரியைத் தொட்டுவிட்டால், கரை உடைய சில மணி நேரம் போதும். ஆகவே ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து ஓரிரவு அசையாமல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று பாருங்கள்.

களிமண் கொட்டி மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியேறும் வாயை அடைத்தால் நீர் நின்றுவிடாது. கரைக்குள் தேங்கி அழுத்தம் கூடி, சரிவையே நெகிழவைக்கும், அல்லது வேறிடத்தில் பீறிடும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: நீரை விட்டு மண்ணை மட்டும் பிடிக்கும்படி முதலில் பருமணல், அதன்மேல் சரளை என்று வடிகட்டி அடுக்குவது. அதையும் பொறியாளர் பார்த்துச் சொன்ன அளவில்தான் செய்ய வேண்டும்.

எனக்குக் கசிவைவிட அந்தக் குழிதான் உறுத்துகிறது. துருவேறிய குழாயில் ஓட்டை விழுந்து, அதன் வழியே மேல்மண் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கலாம். இந்த வாரமே ஒரு பொறியாளரை அழையுங்கள்.

மறுமொழி 2 (அணைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்):

சட்டத்தைப் பற்றி உங்கள் மூத்தவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். ஜார்ஜியா சட்டம் 25 அடி உயரம் அல்லது 100 ஏக்கர்-அடி கொள்ளளவு என்கிறது (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி). அந்த ‘அல்லது’ முக்கியம். பரப்பையும் உயரத்தையும் பெருக்கி 0.4 ஆல் பெருக்கினால் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும்: 14 × 20 × 0.4 = 112. எனவே உங்கள் ஏரி வரம்புக்குள் வரவே வாய்ப்பு அதிகம். கீழே குடியிருப்பு இருப்பதால், உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடிய முதல் வகையில் வைக்கப்படவும் கூடும். அந்த வகைப்பாடு கரையின் உறுதியைக் குறிப்பதன்று, உடைந்தால் யார் மேல் பாயும் என்பதைக் குறிப்பது.

இந்தச் சட்டம் பிறந்ததே உங்களுடையதைப் போன்ற ஓர் ஏரியால்தான். ஜார்ஜியாவின் டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையில் 1957-இல் மின்னுற்பத்தி நின்றபின் ஏரி பொழுதுபோக்குக்கே பயன்பட்டது. 1977 நவம்பர் 6 அன்று, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் அது உடைந்து, கீழேயிருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் விசாரணையாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் செங்குத்தான வெளிச்சரிவில் ஒரு பகுதி முன்பே சரிந்திருந்ததை 1973-இல் எடுத்த ஒரு புகைப்படம் காட்டியது. மறு ஆண்டே சட்டம் வந்தது.

மரங்களை வெறுமனே வெட்டினால், வேர்கள் மட்கிக் கரைக்குள் வெற்றுக் குழல்களாக நிற்கும். பெருமரங்களை வேரோடு எடுத்து, குழியைத் தகுந்த மண்ணால் அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். அதுவும் ஏரி மட்டத்தைக் குறைத்த பிறகே.

மறுமொழி 3 (புதியவன்):

இவ்வளவு ஆபத்து என்றால் நாளைக்கே மதகைத் திறந்து ஏரியைக் காலி செய்துவிடலாமே?

மறுமொழி 4 (மராமத்துக்காரர்):

தம்பி, அவசரம் கூடாது. ஏரி சட்டென்று இறங்கினால், உட்சரிவின் மண்ணில் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. தாங்கிநின்ற ஏரிநீரும் இல்லாமல் சரிவு அப்படியே வழுக்கிவிடும். அவசரநிலை இல்லாதபோது ஒரு நாளில் ஓரடிக்கு மேல் இறக்காமல் இருப்பது வழக்கம். பல ஆண்டுகள் திறக்காத அடைப்பானாக இருந்தால் முறுக்கவும் வேண்டாம். உடைந்துவிட்டால் மறுபடி மூட முடியாது. பம்பு வைத்து இறைப்பது மேல்.

அந்தக் கம்பிவலையை மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள். 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் உடைந்து 2,209 பேரைப் பலிகொண்ட சௌத் ஃபோர்க் அணையும் ஒரு மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் மண்ணணைதான். அதன் கலிங்கிலும் மீனுக்காகக் கட்டிய கம்பித்தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது. நீரை இறக்கும் அடிக்குழாய்களோ முன்பே அகற்றப்பட்டிருந்தன. கரை வழிந்து உடைந்தது.

ஓடையோரத்தான்:

அனைவருக்கும் நன்றி. வலையைக் கழற்றிவிட்டோம், அதில் ஒரு தள்ளுவண்டி நிறைய இலைதழை சிக்கியிருந்தது. புட்டியின் அடியில் காலையில் விரல்நகக் கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. அதைப் படம் எடுத்து மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பி, பொறியாளர் ஒருவரையும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். அதுவரை காலையும் மாலையும் கரையைச் சுற்றிவர முறை போட்டிருக்கிறோம். கீழே உள்ள ஆறு வீடுகளுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களில் நான்கு குடும்பத்தாருக்கு மேலே ஓர் ஏரி இருப்பதே தெரிந்திருக்கவில்லை.