பள்ளி விட்டதும் விளையாட்டுதான், அபாகஸில் சேர்க்கலாமா?

பெரம்பூர் அம்மா:
மகனுக்கு ஐந்து வயது, யூகேஜி. வந்ததும் மொட்டைமாடிக்குப் போகவேண்டும், நானும் கூடப் போவேன். வாளியின் விளிம்பில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டினால் அதுதான் 29சி பஸ். காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அவனே பேசிக்கொண்டிருப்பான். நேற்று ஒரு சிவப்புக் கிளிப் டிக்கெட் எடுக்கவில்லையாம். இறக்கிவிட்டான், அப்புறம் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டான். வீட்டில் எல்லோரும் "நேரம் வீணாகிறது, அபாகஸில் போடு" என்கிறார்கள். கிடைக்கிற வகுப்பு 5 மணிக்கு, அதாவது இந்த பஸ் ஓடும் நேரம். தனியாகப் பேசுகிறானே என்று மாமியாருக்கு வேறு கவலை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர், ஈரோடு:
அந்த பஸ்ஸை நிறுத்திடாதே கண்ணு. வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் இருந்தேன். எங்கள் மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கடை போடுவார்கள். செங்கல் பொடிதான் மிளகாய்த்தூள், இரண்டு கொட்டாங்கச்சியைக் கயிற்றில் கட்டினால் தராசு. யார் கடைக்காரர் என்பதில்தான் சண்டையே வரும். அழுது, கோபித்து, கடைசியில் "இப்ப நீ, அப்புறம் நான்" என்று அவர்களே முடிவுக்கு வருவார்கள். அதில் நான் தலையிடமாட்டேன். பாட்டு நேரத்தில் ஒரு நிமிடம் உட்காராத பையன், டிராஃபிக் போலீஸ் ஆனதும் கையை நீட்டியபடி அசையாமல் நிற்பான். விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஓர் உரையில் சொன்னார். நான் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். உன் பையனும் கண்டக்டராக இருப்பதால்தான் விதியையும் போடுகிறான், இரக்கமும் காட்டுகிறான். தனக்குள் பேசிக்கொண்டே யோசிப்பது இந்த வயதுக்கு இயல்பு என்று மாமியாரிடம் சொல்.

கண் பரிசோதகர்:
மொட்டைமாடி என்பதால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு. மூன்று ஆண்டுகளில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம்தான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. சுள்ளென்ற வெயில் வேண்டாம், நிழலே போதும்.

மதுரை அப்பா:
என் மகளை அபாகஸில் சேர்த்தது எட்டு வயதில், அதுவும் அவளே கேட்டதால். நன்றாகத்தான் போகிறாள். ஐந்து வயதில் அவசரமே இல்லை.

பெரம்பூர் அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், அபாகஸ் இப்போதைக்கு இல்லை. ஒரு பழைய டப்பில் மணல் நிரப்பி வைக்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், எம்சாண்ட் கிடைக்கும். பரவாயில்லையா டீச்சர்?

பால்வாடி டீச்சர், ஈரோடு:
எம்சாண்ட் வேண்டாம் கண்ணு, குத்தும், தூசியும் அதிகம். ஆற்று மணல் கொஞ்சம் கிடைத்தால் சலித்து, கழுவி, காயவைத்துப் போடு. ராத்திரி மூடி வைக்க மறக்காதே, பூனை வரும். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வை.