ஆர்.சி. புத்தகம் இல்லாத பழைய ஸ்கூட்டரைப் பெயர் மாற்ற முடியுமா?

கேள்வி: மதுரையில் 2016 மாடல் ஸ்கூட்டர் ஒன்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டதாகவும், வண்டி காலமான தம் தந்தையின் பெயரில் இருப்பதாகவும் விற்பவர் கூறுகிறார். முத்திரைத்தாளில் அவர் எழுதித் தரும் விற்பனைக் கடிதத்தை வைத்து என் பெயருக்கு மாற்ற இயலுமா?

பதில்: அந்தக் கடிதம் மட்டும் போதாது. காவல்துறையில் ஆவணம் தொலைந்ததற்கான சான்று பெற்று, படிவம் 26 மூலம் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றுடன் படிவம் 31 அளித்து, வண்டியை மகன் முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு உங்களுக்கு விற்கலாம். இவை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றொரு பதில்: தொலைந்தது என்பார்கள், புத்தகம் கடன் கொடுத்த நிறுவனத்தில் இருக்கும்! அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பதிவெண்ணைப் போட்டுக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கவில்லையெனில், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் அந்நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் படிந்த சேற்றைத் துடைத்து, நகல் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்; ராவிய தடம் தெரிந்தால் விலகிவிடுவதே நல்லது.

கேட்டவர்: மகன் பெயருக்கு மாறிய பிறகே வாங்குவதாகச் சொல்லிவிட்டேன். முன்பணமும் கொடுக்கவில்லை.