பழைய கோடரித் தலை: துருவை நீக்கலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி:
பழைய சாமான் குவியலில் காம்பில்லாத கோடரித் தலை ஒன்று கிடைத்தது. வீட்டில் ஏற்கெனவே ஏழு உளி, இரண்டு இழைப்புளி. இனி வாங்குவதில்லை என்று சொல்லியிருந்தேன். அதன் கன்னத்தில், அதாவது தட்டையான பக்கத்தில், ஏதோ முத்திரை, துருவில் பாதி மறைந்திருக்கிறது. சாணை பிடிக்கும் கிரைண்டரில் போட்டுத் துருவை நீக்கிவிடலாமா?

பதில் 1:
கிரைண்டரைத் தொடாதீர்கள்! முத்திரை போய்விடும். விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் கூர் நிற்காது. நானே ஒரு நல்ல கோடரியை அப்படிக் கெடுத்திருக்கிறேன். வினிகரில் ஒரு நாள் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

பதில் 2:
வாய்ப்பகுதியில், அதாவது வெட்டும் விளிம்பில், அரத்தை இழுத்துப் பாருங்கள். கோடரியின் உடம்பில் கடிப்பதுபோலவே அங்கும் எளிதாகக் கடித்தால் பதம் (எஃகின் கடினம்) போயிருக்கிறது; அதை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
வினிகரிலிருந்து இன்று எடுத்தேன். முத்திரையில் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. வாய்க்கு இரண்டு விரல் மேலே வளைந்த கோடு ஒன்று, அதற்குக் கீழே நிறம் அடர்த்தி. விரிசலா?

பதில் 1:
விரல் நகம் சிக்காவிட்டால் பெரும்பாலும் விரிசலாக இருக்காது. இரும்பு உடம்பில் எஃகு வாயைக் கொல்லன் உலையில் பற்றவைத்த இணைப்பாக இருக்கும். கொடுத்துவைத்தவர் நீங்கள்! காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள்.